நெருப்பைச் சுற்றி யாருக்கு இடம்?

லோஹ்ரி, மகர சங்கராந்தி, கிறிஸ்துமஸ், யல்தா... நடுக்குளிர்காலப் பண்டிகைகள் சூரியனை வரவேற்கப் பிறந்தவை என்பது பாதிக் கதைதான். குதிர் நிறைந்தவர், நிறையாதவருக்குக் கதவைத் திறந்தது மீதிக் கதை.

ஜனவரி 13. பஞ்சாபில் மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பனிமூட்டத்துக்கு நடுவே பிள்ளைகள் கூட்டமாக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறார்கள். பாட்டுப் பாடிவிட்டுக் கையை நீட்டினால் வேர்க்கடலை, எள் மிட்டாய், வெல்லம், சில்லறை என்று ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காத வீட்டைக் கிண்டல் செய்யவும் பாட்டு இருக்கிறது. இரவில் தெருவில் விறகை அடுக்கித் தீ மூட்டுகிறார்கள். எள்ளையும் சோளப்பொரியையும் தீயில் போட்டுச் சுற்றி வருகிறார்கள். லோஹ்ரி என்ற இந்தப் பண்டிகை எரியும் அதே இரவு கழிந்து விடியும்போதுதான் தமிழ்நாட்டில் பொங்கல் பானை ஏறுகிறது.

பிள்ளைகள் பாடும் பாட்டின் நாயகன் துல்லா பட்டி. அக்பர் காலத்துக் கிளர்ச்சிக்காரர், முஸ்லிம். இன்று பாகிஸ்தானில் இருக்கும் பிண்டி பட்டியான் பகுதியைச் சேர்ந்தவர். பணக்காரர்களைக் கொள்ளையடித்து ஏழைகளுக்குக் கொடுத்தார், கடத்தப்படவிருந்த பெண்களைக் காப்பாற்றித் தானே தகப்பன் ஸ்தானத்தில் நின்று கல்யாணம் செய்து வைத்தார் என்பது கதை. லாகூரில் அவர் தூக்கிலிடப்பட்டு நான்கு நூற்றாண்டுகள் ஆன பிறகும் இந்துக்களும் சீக்கியர்களும் ஒவ்வொரு ஜனவரியிலும் அவர் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டுகிறார்கள்.

ஆனால் ஊரைக் கூட்டிப் பெரிய லோஹ்ரி கொண்டாடும் வழக்கம் இரண்டு வீடுகளுக்குத்தான் இருந்தது. அந்த ஆண்டு மருமகள் வந்த வீடு ஒன்று. ஆண் குழந்தை பிறந்த வீடு மற்றொன்று. பெண் பிறந்த வீட்டில் தனியாகத் தீ எரியாது. பெண்களைக் காப்பாற்றியவனைப் பாடிக்கொண்டே பெண் பிறந்த வீட்டைத் தாண்டிப் போன பண்டிகை இது. அந்த மனப்போக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்னது. பஞ்சாபில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 798 பெண் குழந்தைகளே இருந்தார்கள். நாடு முழுவதற்குமான எண்ணிக்கை 927.

குளிர்காலத் தீயைச் சுற்றி யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்ற கேள்வி லோஹ்ரிக்கு மட்டும் உரியதல்ல. ரோமிலிருந்து புருலியா வரை இந்தப் பருவத்துப் பண்டிகைகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

சூரியன் திரும்பும் நாள்

முதலில் வானம். டிசம்பர் 21 அல்லது 22ஆம் தேதி பூமியின் வடபாதியில் ஆண்டின் மிக நீண்ட இரவு வருகிறது. சென்னைவாசிகளுக்கு இது பெரிதாகத் தெரியாது. அன்றும் ஏறக்குறைய 11 மணி 20 நிமிடம் பகல் இருக்கிறது. டெல்லியில் அது ஒரு மணி நேரம் குறைந்துவிடுகிறது. லண்டனில் எட்டு மணி நேரத்துக்கும் கீழே போகிறது. ஸ்டாக்ஹோமில் ஆறு மணி நேரம்தான். நார்வேயின் வடக்கிலுள்ள டிராம்சோ நகரில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. நாளுக்கு நாள் பகல் சுருங்குவதைப் பார்த்த ஆதி மனிதன், இது இப்படியே போனால் என்ன ஆகும் என்று அஞ்சியதில் வியப்பில்லை.

அவன் வெறுமனே அஞ்சிக்கொண்டு இருக்கவில்லை. அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்ற இடத்தில் சுமார் 5,200 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட ஒரு கல்லறை மேடு இருக்கிறது. எகிப்தின் கீஸா பிரமிடுகளைவிட மூத்தது. அதன் வாசலுக்கு மேலே ஒரு சிறு திறப்பு. டிசம்பர் 21ஐ ஒட்டிய சில நாட்களில் மட்டும் காலைச் சூரியனின் கதிர் அந்தத் திறப்பு வழியே நுழைந்து, 19 மீட்டர் நீளமுள்ள பாதையைக் கடந்து, உள்ளறையில் விழுகிறது. 17 நிமிடங்களில் மீண்டும் இருட்டு. 1967இல் தொல்லியலாளர் மைக்கேல் ஓ'கெல்லி உள்ளே காத்திருந்து இதைப் பார்த்த பிறகுதான் அந்தத் திறப்பு எதற்கு என்பது உறுதியானது. எழுத்தும் சக்கரமும் எட்டாத ஒரு விவசாயச் சமூகம் சூரியன் திரும்பும் நாளைத் துல்லியமாகக் கணக்கிட்டிருக்கிறது.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே இதெல்லாம் தலைகீழ். அங்கே நடுக்குளிர்காலம் ஜூனில். பெருவின் கஸ்கோ நகரில் இன்கா மக்கள் தங்கள் சூரியத் திருவிழாவான இன்டி ராய்மியைக் கொண்டாடியதும் ஜூனில்தான். தேதி மாறினாலும் காரணம் மாறவில்லை.

இந்தியாவில் மகர சங்கராந்தியும் இப்படித்தான் தொடங்கியது. அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மர் உயிரை விடுவதற்குக் காத்திருந்தது சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் உத்தராயணத்துக்காக. ஆனால் இன்றைய சங்கராந்தி ஜனவரி 14 அல்லது 15இல் வருகிறது; சூரியன் உண்மையில் திரும்பி மூன்று வாரத்துக்கும் மேலாகிவிடுகிறது. பஞ்சாங்கம் நட்சத்திர மண்டலத்தை வைத்துக் கணக்கிடுகிறது. பூமியின் அச்சோ சுற்றும் பம்பரம் போல மெல்லத் தலையாட்டுகிறது. இதனால் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் சங்கராந்தி தள்ளிப்போகிறது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் வந்தன. விவேகானந்தர் ஒரு மகர சங்கராந்தி நாளில் பிறந்தார். அந்தத் தேதி 1863 ஜனவரி 12. சூரியன் ஒரு பக்கமும் பண்டிகை ஒரு பக்கமுமாகப் பிரிந்த பிறகும் யாரும் பண்டிகையைக் கைவிடவில்லை. அப்படியானால் அதைத் தாங்கி நிற்பது சூரியன் மட்டுமல்ல.

நிறைந்த குதிர்

இன்னொரு தூண் களஞ்சியத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் அறுத்த தானியம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. கரும்பு ஆலையில் புது வெல்லம் தயார். எள் காய்ந்து கிடக்கிறது. வயலில் வேலை குறைவு. ஐரோப்பாவில் பனிக்காலம் முழுவதும் எல்லா மாடுகளுக்கும் பன்றிகளுக்கும் தீவனம் போட முடியாது. அதனால் ஒரு பகுதியை வெட்டி உப்புப் போட்டார்கள். ஆண்டிலேயே இறைச்சி மிஞ்சிய காலம் அதுதான்.

ஆனால் எல்லார் குதிரும் ஒரே அளவில் நிறைவதில்லை. அடுத்த அறுவடை வரை ஊர் ஒன்றாக இருந்தாக வேண்டும். இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உண்டால் பனிக்காலத்தின் கடைசியில் ஊரில் பசியும் பகையும்தான் மிஞ்சும். எனவே பகிர்வதை ஒரு நாளுக்குரிய கடமையாக்கி, அதற்குக் கடவுளையும் சாட்சி வைத்தார்கள்.

இது வெறும் ஊகமல்ல. இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே டரிங்டன் வால்ஸ் என்ற இடத்தில் 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய விருந்துகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. பன்றிப் பற்களை ஆராய்ந்ததில் பல பன்றிகள் சுமார் ஒன்பது மாத வயதில் வெட்டப்பட்டது தெரிந்தது. வசந்தத்தில் பிறந்த குட்டிகளுக்கு நடுக்குளிர்காலத்தில்தான் அந்த வயது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் சுவையான செய்தியைச் சொன்னது. அங்கும் சுற்றிலும் உண்ணப்பட்ட பன்றிகளில் பல, ஸ்காட்லாந்து, வேல்ஸ் போன்ற தொலைதூரப் பகுதிகளிலிருந்து வந்தவை. விருந்துக்கு வந்தவர்கள் தத்தம் ஊர்ப் பன்றியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அஸ்ஸாமில் போகாலி பிஹுவுக்கு முந்தைய இரவான உருகாவில் இதே காட்சி. அறுத்த வயலில் வைக்கோலும் மூங்கிலும் கொண்டு பேலாகர் என்ற குடிசை கட்டி, ஊரே ஒன்றாகச் சமைத்து உண்கிறது. விடிந்ததும் மேஜி என்ற விறகுக் கோபுரத்துக்குத் தீ வைக்கிறார்கள். அன்றிரவு வாலிபர்கள் அக்கம்பக்கத்தில் விறகையும் வேலி மூங்கிலையும் காய்கறியையும் திருடுவது வழக்கம். திருட்டுக் கொடுத்தவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஈரானில் ஆண்டின் மிக நீண்ட இரவான யல்தாவில் குடும்பமே வீட்டுப் பெரியவரிடம் கூடி மாதுளையும் தர்ப்பூசணியும் உண்டு, ஹாஃபிஸ் கவிதை படித்து விழித்திருக்கிறது. அதே இரவிலிருந்துதான் காஷ்மீர் தன் 40 நாள் கடுங்குளிரான சில்லாய் கலானைக் கணக்கிடுகிறது. அந்தப் பெயரும் பாரசீகத்தின் நாற்பதிலிருந்து வந்தது.

ஒரு வாரத்து எஜமான்

பகிர்வது சோற்றோடு நிற்கவில்லை. பழைய ரோமில் டிசம்பர் 17இல் தொடங்கிய சாட்டர்னாலியா பண்டிகை நாளடைவில் ஒரு வாரம் வரை நீண்டது. நீதிமன்றம், பள்ளிக்கூடம் எல்லாம் மூடப்பட்டன. மற்ற நாட்களில் தடை செய்யப்பட்ட சூதாட்டத்துக்கு அனுமதி. விடுதலை பெற்ற அடிமைகளுக்கு உரிய தொப்பியை அந்த நாட்களில் எல்லாரும் அணிந்தார்கள். அடிமைகள் எஜமானர்களோடு அமர்ந்து உண்டார்கள். சில வீடுகளில் எஜமானே பரிமாறினார். மெழுகுவர்த்தியும் மண் பொம்மையும் பரிசாகக் கைமாறின. ஆண்டு முழுவதும் கம்பளிக் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும் சாட்டர்ன் சிலையின் கால்களையே அன்று அவிழ்த்துவிட்டார்கள்.

பண்டிகை முடிந்ததும் அடிமை மீண்டும் அடிமை. இதைக் கண்டு மானிடவியலாளர்கள் இரண்டு பட்டதில் ஆச்சரியமில்லை. மேக்ஸ் குளக்மேன் 1950களில் ஆப்பிரிக்கச் சடங்குகளை வைத்து ஒரு வாதத்தை முன்வைத்தார். அதிகாரத்தைத் தலைகீழாக்கிக் காட்டும் சடங்குகள் அதிகாரத்தை அசைப்பதில்லை, பலப்படுத்தவே செய்கின்றன என்றார். பிரஷர் குக்கரின் வெயிட் போல ஆவியை வெளியேற்றிவிடுகின்றன என்று இதை எளிமையாகச் சொல்லலாம்.

ஆனால் ஆட்சியாளர்கள் இந்தப் பண்டிகைகளைப் பார்த்துப் பயந்த விதத்தைப் பார்த்தால், குக்கர் அவ்வளவு பத்திரமானதாகத் தெரியவில்லை.

தடை போட்டவர்கள்

ஏசு பிறந்த தேதியை பைபிள் சொல்லவில்லை. டிசம்பர் 25 என்ற தேதி ரோமில் 354இல் தொகுக்கப்பட்ட ஓர் ஏட்டில்தான் முதலில் தெளிவாகத் தென்படுகிறது. வெல்ல முடியாத சூரியனுக்கு ரோமப் பேரரசன் ஆரேலியன் 274இல் கோயில் எழுப்பினான். அந்தச் சூரிய விழாவின் இடத்தில் கிறிஸ்துமஸ் வந்தது என்பது ஒரு கருத்து. மேரி கருவுற்றதாகக் கொள்ளப்பட்ட மார்ச் 25இலிருந்து ஒன்பது மாதம் கணக்கிட்டார்கள் என்பது மற்றொன்று. அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

எப்படி வந்தாலும் கிறிஸ்துமஸ் பழைய குளிர்காலக் குணங்களைக் கூட்டிக்கொண்டே வந்தது. இங்கிலாந்தில் ஏழைகள் கூட்டமாகப் பணக்காரர் வீட்டு வாசலில் நின்று பாடி, நல்ல சாப்பாடும் மதுவும் கேட்டார்கள். லோஹ்ரிப் பிள்ளைகள் மாதிரியே. கொடுக்காவிட்டால் வசவு, சில சமயம் கல். 1647இல் பியூரிட்டன்கள் ஆதிக்கம் செலுத்திய நாடாளுமன்றம் கிறிஸ்துமஸையே ரத்து செய்தது. பைபிளில் ஆதாரம் இல்லை என்பது ஒரு காரணம். குடியும் கூத்தும் ஒழுங்கைக் கெடுக்கின்றன என்பது மற்றொன்று. அந்த டிசம்பரில் கேன்டர்பரி நகரில் கடைகளைத் திறக்கச் சொன்ன மேயருக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. கடல் கடந்து மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள் 1659இல், கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டார்கள். அது 1681 வரை நீடித்தது. பெருவில் இன்டி ராய்மியை ஸ்பெயினின் ஆட்சி 1572இல் தடை செய்தது. 1944இல்தான் கஸ்கோ மக்கள் அதைத் திரும்ப எடுத்தார்கள்.

சுதந்திர இந்தியாவிலும் இப்படி ஒன்று நடந்தது. ஜார்க்கண்டிலும் மேற்கு வங்கத்தின் புருலியாவிலும் தை பிறப்பதற்கு முந்தைய மாதம் முழுவதும் பெண்கள் மாலையில் கூடி டுசு பாட்டுப் பாடுகிறார்கள். சங்கராந்தியன்று வண்ணக் காகிதக் கோபுரத்தை ஆற்றில் விடுகிறார்கள். வீட்டு வேலை, மாமியார் கொடுமை, விலைவாசி எதையும் டுசு பாட்டில் ஏற்றலாம். புருலியா அப்போது பிகாரின் மான்பூம் மாவட்டத்தில் இருந்தது. 1954இல் வங்க மொழிக்காகப் போராடிய லோக் சேவக் சங்கத்தினர் தங்கள் கோரிக்கையை டுசு பாட்டாக்கித் தெருவில் பாடினார்கள். பாடியவர்கள் கைதானார்கள். டுசு சத்தியாகிரகம் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. 1956 நவம்பர் 1இல் புருலியா மேற்கு வங்கத்தோடு சேர்ந்தது. பயிரும் பெண்களும் சார்ந்த ஒரு சின்னப் பண்டிகை, ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்றிய போராட்டத்துக்குக் குரல் கொடுத்தது.

வாசலிலிருந்து வரவேற்பறைக்கு

சட்டத்தால் முடியாததைச் சந்தை செய்து முடித்தது. 19ஆம் நூற்றாண்டில் லண்டனிலும் நியூயார்க்கிலும் வசதி படைத்தவர்கள் கிறிஸ்துமஸைத் தெருவிலிருந்து வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார்கள். மரம், பரிசுப் பொட்டலம், சான்டா கிளாஸ். முன்பு எஜமானிடமிருந்து வேலைக்காரருக்குப் போன பரிசு இப்போது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போனது. கொடுப்பது நிற்கவில்லை, ஆனால் வாசலைத் தாண்டிப் போவது குறைந்தது. 1843இல் சார்லஸ் டிக்கன்ஸ் தன் கிறிஸ்துமஸ் கதையில், கஞ்ச முதலாளி ஸ்க்ரூஜைப் பேய்களைக் கொண்டு மிரட்டித் தன் குமாஸ்தாவின் குடும்பத்தை நினைக்க வைத்தார். வாசலில் நின்று ஏழை கேட்ட இடத்தில் இப்போது பேய் வந்து கேட்க வேண்டியிருந்தது.

பிரிட்டிஷ் இந்தியாவில் இதைவிட விசித்திரம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் பழங்களும் இனிப்புகளும் அடுக்கிய ‘டாலி’ என்ற கூடைகளோடு இந்தியக் கான்ட்ராக்டர்களும் குமாஸ்தாக்களும் துரை பங்களா வாசலில் காத்திருந்தார்கள். மேலிருந்து கீழே வரவேண்டிய பரிசு கீழிருந்து மேலே போனது. அந்த வழக்கம் அடியோடு மறைந்துவிட்டது என்று தீபாவளிக் காலத்தில் அரசு அலுவலகப் பக்கம் போய் வந்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

இன்று டெல்லி, சண்டிகர் புறநகர் அடுக்குமாடிகளில் லோஹ்ரித் தீ குடியிருப்போர் சங்கத்தின் ஏற்பாட்டில் எரிகிறது. டி.ஜே. பாட்டு, கேட்டரிங், கூப்பன். கேட்டில் செக்யூரிட்டி நிற்பதால் வெளித்தெருப் பிள்ளைகள் கதவைத் தட்ட வழியில்லை. தமிழ்நாட்டில் பண்ணையாளுக்குப் பொங்கலுக்கு நெல்லும் வேட்டியும் கொடுத்த மிராசுதாரர் போய், ரேஷன் கடை வரிசையில் அரசின் பொங்கல் பரிசு வந்திருக்கிறது. அதில் தேர்தல் வாடை அடிக்கிறது என்பவர்கள் உண்டு. ஆனால் கூலி வேலை செய்பவர் ஒரு தனி மனிதர் முன் கைகட்டி நிற்காமல் கார்டைக் காட்டி வாங்குகிறார் என்பது சின்ன மாற்றமல்ல. பழைய கொடையில் அன்பும் இருந்தது, அடிமைத்தனமும் இருந்தது.

வட்டம் விரிகிறது

பண்டிகைகளைப் பழைய நிலைக்குத் திருப்ப முடியாது, திருப்பவும் தேவையில்லை. அந்தப் பழைய நிலையிலேயே பலர் வெளியே நின்றார்கள். மகாராஷ்டிரத்தில் சங்கராந்தி முதல் ரத சப்தமி வரை பெண்கள் ஒருவரையொருவர் அழைத்து மஞ்சள் குங்குமமும் எள் வெல்லமும் கொடுத்து, இனிமையாகப் பேசும்படி கேட்டுக்கொள்கிறார்கள். அந்த அழைப்பு சுமங்கலிகளுக்கு மட்டும். விதவைகள் தங்கள் வீட்டுக்குள்ளேயே ஒதுங்கிக்கொள்ள வேண்டும். 2022 மே மாதம் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் கிராம சபை, தாலியறுப்பது, வளையல் உடைப்பது போன்ற சடங்குகளைக் கைவிடத் தீர்மானம் போட்டது. மற்ற ஊர்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று மாநில அரசு கேட்டுக்கொண்டது. விதவைகளையும் அழைத்து மஞ்சள் குங்குமம் கொடுக்கும் நிகழ்ச்சிகள் இப்போது அங்கங்கே நடக்கின்றன.

பஞ்சாபிலும் தீ இடம் மாறியிருக்கிறது. 2000க்குப் பிறகு பள்ளிகள், அங்கன்வாடிகள், தொண்டு அமைப்புகள், பின்னர் அரசுத் துறைகள் என்று பலரும் ‘மகள்களின் லோஹ்ரி’யை நடத்துகிறார்கள். அந்த ஆண்டு பெண் பிறந்த குடும்பங்களை அழைத்து, குழந்தையைத் தாயின் மடியில் வைத்துத் தீயருகே உட்கார வைக்கிறார்கள். பல குடும்பங்கள் தாங்களாகவே வீட்டில் தீ மூட்டத் தொடங்கிவிட்டன. 2011 கணக்கெடுப்பில் பஞ்சாபின் எண்ணிக்கை 798இலிருந்து 846க்கு உயர்ந்தது. இதற்கு ஒரு பண்டிகை காரணமல்ல. கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டமும் கண்காணிப்பும் படிப்பும் சேர்ந்துதான் காரணம். 846 என்பதும் பெருமைப்படத்தக்க எண் அல்ல. ஆனால் சட்டம், குழந்தையைக் கொல்லாதே என்றுதான் சொல்ல முடியும். குழந்தை பிறந்ததற்கு ஊர் மகிழ வேண்டும் என்று சட்டத்தால் சொல்ல முடியாது. அதைச் சொல்ல ஒரு தீயும், ஒரு கை எள்ளும், வந்து உட்காரும் அண்டை வீட்டுக்காரரும் தேவைப்படுகிறார்கள்.

சூரியன் யார் அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் டிசம்பர் 22க்குப் பிறகு வடக்கே திரும்பிவிடும். பனிமூட்டத்தில் யார் வீட்டு வாசலில் விறகு அடுக்கப்படுகிறது என்பது மட்டும் இன்னும் மனிதர்கள் கையில்தான் இருக்கிறது. துல்லா பட்டியின் பாட்டைப் பாடிவரும் பிள்ளைகள் இந்த ஜனவரியில் பெண் பிறந்த வீட்டுக் கதவையும் தட்டுவார்கள். திறக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.